நிலாவில் படம் எடுத்தது யார்?

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அது. புனேயில் எங்கள் தமிழ் வகுப்பு மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டு வேலை செய்யும் அக்காமார். சிலர் காய்கறி விற்பவர்கள். சமையலை முடித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள்.

அன்று ஓர் அக்கா செல்போனை நீட்டினார். அதில் ஒரு படம் இருந்தது. சாம்பல் நிறத் தரை. அதன் மேல் நான்கு கால்களோடு ஒரு பெட்டி.

"பாப்பா, பேரன் அனுப்பினான். நம்ம விக்ரம் நிலாவில நிக்குதாம். ஆளு யாரும் போகலைன்னு நீதானே சொன்னே? அப்போ இந்தப் போட்டோவை எடுத்தது யாரு?"

வகுப்பே சிரித்தது. "எல்லாம் புளுகு. எங்கயாவது செட்டு போட்டு எடுத்திருப்பாங்க" என்றார் இன்னொருவர்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. அவர் ஒருமுறை ஏமாந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அவரிடம் ஒரு போட்டோவைக் காட்டினார். அழகான வீட்டு மனை. சுற்றிலும் வேலி. அக்கா இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். போய்ப் பார்த்தால் அது வேறு யாரோ ஒருவரின் வயல். பணம் திரும்பி வரவே இல்லை.

"போட்டோவைக் காட்டித்தான் என்னை ஏமாத்தினாங்க. அதான் கேக்கறேன்" என்றார்.

நானும் பத்தாவது வரை படித்தவள்தான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. "கேட்டு வந்து சொல்றேன் அக்கா" என்றேன். கேட்டேன். படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

படம் என்பது என்ன?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய வெளிச்சம் நிலாவின் மீது படுகிறது. அங்கிருந்து திரும்பி நம்மிடம் வருகிறது. அதனால்தான் நிலா தெரிகிறது. அந்த வெளிச்சத்தைப் பிடித்து வைப்பதுதான் படம்.

கேமரா வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? கையால் வரைந்தார்கள். 1609-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டைச் சேர்ந்த கலிலியோ தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்தார். அங்கே மலைகளும் பள்ளங்களும் இருப்பதைக் கண்டார். பார்த்ததை வரைந்து வைத்தார்.

அதன்பின் 230 ஆண்டுகள் கழித்துத்தான் கேமரா வந்தது. 1840-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் நிலாவைப் படம் எடுத்தார். நிலாவின் முதல் நல்ல படங்களில் அது ஒன்று. அப்போது பிலிம் கிடையாது. வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் படம் பிடித்தார். அதற்கு 20 நிமிடம் ஆனது. இன்று நம் செல்போனுக்கு ஒரு நொடி கூட ஆவதில்லை.

புனே பையன் எடுத்த நிலா

நிலாவைப் படம் எடுக்க நிலாவுக்குத்தான் போக வேண்டுமா? வேண்டாம். நம் புனேயிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

2021-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி. நள்ளிரவு தாண்டி ஒரு மணி. தேய்பிறை அரைநிலா மேலே வந்திருந்தது. பிரதமேஷ் ஜாஜு என்ற 16 வயது மாணவர் தன் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தினார். சுமார் நான்கு மணி நேரம் நிலாவைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார். மொத்தம் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து ஒரே படமாக ஆக்கினார். அந்தப் படம் நாடு முழுவதும் பேசப்பட்டது.

ஒரு நிலாவுக்கு எதற்கு 50,000 படம்?

காரணம், காற்று. அண்டாவில் தண்ணீர் நிறைத்து அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். தண்ணீர் அசைந்தால் நாணயமும் ஆடுவதுபோல் தெரியும் அல்லவா? நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. அது ஓயாமல் அசைகிறது. அண்டாவுக்குள் கிடக்கும் நாணயம்போல நிலா ஆடித் தெரிகிறது. படமும் மங்கிப் போகிறது.

ஆனால் சில நொடிகளில் காற்று சற்று அடங்கும். அப்போது எடுத்த படம் தெளிவாக இருக்கும். அந்த நொடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். பிறகு நல்லதை மட்டும் பிரிக்கிறார்கள். முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல்லையும் உமியையும் தள்ளுகிறோம் அல்லவா? அதே வேலைதான். இங்கே முறம் கணினி.

பிரித்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அப்போது ஒவ்வொரு பகுதியும் தெளிவாகிறது. கடைசியில் பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுகிறார்கள். இங்கே மராட்டியப் பெண்கள் பழைய புடவைத் துண்டுகளைச் சேர்த்துக் கோதடி தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான்.

அந்தப் படத்தில் நிலா நீலமும் பழுப்பும் கலந்து தெரிந்தது. நிலா வெள்ளைதானே, இது பொய் நிறமா? இல்லை. நிலாவின் மண்ணில் சில இடங்களில் டைட்டானியம் என்ற உலோகம் அதிகம். அந்த இடம் லேசான நீலமாக இருக்கும். மற்ற இடங்களில் லேசான பழுப்பு. இந்த நிறங்கள் மிகவும் மங்கல். கண்ணுக்குத் தெரியாது. கணினியில் அந்த நிறத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிறோம். அதற்காகப் பாடுகிறவரின் குரல் பொய்யாகிவிடுமா? ஆனால் கூட்டிக் காட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் நேர்மை.

பௌர்ணமியில் ஏன் எடுக்கவில்லை?

முழு நிலாதானே அழகு? பிறகு ஏன் அரைநிலாவில் எடுத்தார்?

தெருவில் உள்ள குழிகளை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் குழி எடுப்பாகத் தெரியாது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது குழிக்குள் நிழல் கட்டும். சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும். பௌர்ணமி நிலாவில் வெயில் நேராக விழுகிறது. நிழல் இல்லை. அரைநிலாவில் நடுக்கோட்டை ஒட்டி வெயில் சாய்வாக விழுகிறது. அங்கே மலைகளும் குழிகளும் நன்றாகத் தெரியும்.

நம் பாட்டிமார் நிலாவில் ஒரு கிழவி வடை சுடுவதாகச் சொன்னார்கள். முயல் இருப்பதாகவும் சொன்னார்கள். அந்தக் கறுப்புத் திட்டுகள் உண்மையில் சமவெளிகள். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலாவுக்குள் இருந்து உருகிய பாறைக் குழம்பு வெளியே வந்தது. அது பரவி, ஆறிக் கறுப்புப் பாறையானது.

நிலாவின் முதுகு

பூமியிலிருந்து எவ்வளவு பெரிய கேமராவில் எடுத்தாலும் நிலாவின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். மறுபக்கம் நமக்குத் தெரியவே தெரியாது. ஏன்?

கும்மி அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குத்துவிளக்கு. பெண்கள் விளக்கைப் பார்த்தபடியே சுற்றி வருகிறார்கள். விளக்குக்குக் கண் இருந்தால் அது அவர்கள் முகத்தைத்தான் பார்க்கும். முதுகைப் பார்க்காது. நாம் இருக்கும் பூமிதான் அந்த விளக்கு. நிலா கும்மி அடிக்கும் பெண். அது நம்மை ஒருமுறை சுற்றி வர 27 நாள் ஆகிறது. அதே 27 நாளில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. அதனால் எப்போதும் ஒரே முகம்தான் தெரிகிறது.

முதுகைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பக்கம் போக வேண்டும். 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி சோவியத் நாட்டின் லூனா 3 என்ற விண்கலம் அங்கே போய்ப் படம் எடுத்தது. அதில் ஆள் யாரும் இல்லை. பிலிமில் படம் எடுத்து, கலத்துக்குள்ளேயே பிலிமைக் கழுவி, ரேடியோ மூலம் பூமிக்கு அனுப்பியது. மனிதர் கண்ட நிலாவின் முதல் முதுகுப் படம் அதுதான்.

நம் நாடு போன கதை

நம் நாடு 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சந்திரயான் 1 விண்கலத்தை அனுப்பியது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சி பக்கம் கோதவாடி கிராமத்தில் பிறந்தவர். அந்தக் கலம் நிலாவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அதன் கேமராவுக்கு 5 மீட்டர் அகலமுள்ள இடம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

2019-இல் சந்திரயான் 2 போனது. அதன் கேமராவுக்கு 25 சென்டிமீட்டர் இடமே ஒரு புள்ளி. அதாவது ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் கூட. ஆனால் அதிலிருந்து பிரிந்த விக்ரம் என்ற இறங்கு கலம் செப்டம்பர் 7-ஆம் தேதி நிலாவில் மோதி உடைந்தது.

அது எங்கே விழுந்தது? அமெரிக்காவின் நாசா நிறுவனம் அந்த இடத்தின் படங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையில் இருந்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். விழுவதற்கு முன் எடுத்த படம் ஒன்று. விழுந்தபின் எடுத்த படம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பல நாள் ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு சிறு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். நாசாவுக்கு எழுதினார். அது விக்ரமின் உடைந்த துண்டுதான் என்று நாசா 2019 டிசம்பரில் அறிவித்தது. அவர் விண்வெளி விஞ்ஞானி அல்ல. கவனமாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்தது சந்திரயான் 3. இதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்குப் புதிய விக்ரம் நிலாவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. அதன் வயிற்றிலிருந்து பிரக்யான் என்ற சிறு வண்டி உருண்டு வெளியே வந்தது. எடை 26 கிலோ. ஆறு சக்கரம். முன்பக்கம் கேமரா.

அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான். விக்ரமைப் படம் எடுத்தது பிரக்யான். 2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சுமார் 15 மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தது. பிரக்யான் இறங்கி வருவதைப் படம் எடுத்தது விக்ரம். ஒன்றை ஒன்று எடுத்துக்கொண்டன. ஆள் தேவைப்படவில்லை.

படம் எப்படி வந்தது?

இதைச் சொன்னதும் அக்கா விடவில்லை. "எடுத்தது சரி. நிலாவில இருந்து கொண்டு வந்தது யாரு?"

நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். யாரும் கொண்டு வரவில்லை. படம் எண்ணாக மாறி வந்தது.

எப்படி என்று வகுப்பில் ஒரு விளையாட்டு ஆடிப் பார்த்தோம். நீங்களும் ஆடலாம். அக்கா கையில் ஒரு தாள் கொடுத்தேன். அதில் கட்டம் போட்டிருந்தேன். குறுக்கே ஐந்து கட்டம். மேலிருந்து கீழே நான்கு வரிசை. அறையின் மறு மூலையில் இன்னோர் அக்கா நின்று எண்களை வாசித்தார். 1 என்றால் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். 0 என்றால் விட்டுவிட வேண்டும்.

1 0 0 0 1
1 0 0 0 1
1 0 0 0 1
1 1 1 1 1

நான்காவது வரிசை முடிந்ததும் அக்கா தாளைத் தூக்கிப் பார்த்தார். "அட! ப!" என்றார்.

ஆமாம். படம் என்ற சொல்லின் முதல் எழுத்து. எழுத்தை யாரும் அவர் கையில் கொண்டு வந்து கொடுக்கவில்லை. எண்கள் மட்டும் காற்றில் வந்தன. அவர் கை அதைப் படமாக்கியது.

கேமராவும் இதைத்தான் செய்கிறது. தான் பார்ப்பதை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்துக்கும் ஓர் எண் தருகிறது. செல்போன் படத்தில் சாதாரணமாக 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. 0 என்றால் கும்மிருட்டு. 255 என்றால் பளிச்சென்ற வெளிச்சம். இடையில் உள்ளவை நரை நிறங்கள். கலர் படத்துக்கு மூன்று நிறத்துக்கு மூன்று எண்கள்.

பிரக்யான் எண்களை விக்ரமிடம் தந்தது. விக்ரம் அவற்றை ரேடியோ அலையில் அனுப்பியது. ரேடியோ அலை ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நிலாவிலிருந்து வர ஒன்றே கால் நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். பெங்களூரு அருகே பயலாலு என்ற ஊரில் 32 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம்போல ஆன்டெனா இருக்கிறது. இதுபோன்ற ஆன்டெனாக்கள் அந்த மெல்லிய அலையைப் பிடிக்கின்றன. கணினி எண்களைக் கட்டங்களில் நிரப்புகிறது. அக்கா நிரப்பியதுபோலவே.

செவ்வாயும் நம் கேமராவும்

நிலா பக்கத்து வீடு என்றால் செவ்வாய் தூரத்து ஊர். அது பூமிக்கு மிக அருகே வரும்போதும் 5 கோடி கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். இங்கிருந்து பார்த்தால் சிவப்புப் புள்ளிதான்.

2013 நவம்பர் 5-ஆம் தேதி நம் நாடு மங்கள்யானை அனுப்பியது. 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி அது செவ்வாயை அடைந்தது. அதன் கேமராவை அகமதாபாத்தில் செய்தார்கள். மங்கள்யான் செவ்வாய்க்குச் சில நூறு கிலோமீட்டர் அருகே வரும். பிறகு 70,000 கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிப் போகும். தள்ளி நின்றால்தானே குடும்பம் முழுவதையும் ஒரே போட்டோவில் எடுக்க முடியும்? அதனால் செவ்வாய்க் கோள் முழுவதையும் அது ஒரே படத்தில் எடுத்தது. 2022 வரை அது நம்முடன் தொடர்பில் இருந்தது.

புனேக்கும் இதில் பங்கு உண்டு. புனே பல்கலைக்கழக வளாகத்தில் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. சூரியனைப் படம் எடுக்கும் ஒரு தொலைநோக்கியை அங்குள்ளவர்கள் மற்ற விஞ்ஞானிகளோடு சேர்ந்து உருவாக்கினார்கள். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா விண்கலத்தில் அது புறப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் படம் எடுக்கிறது.

உண்மைப் படம், பொய்ப் படம்

அதே நாட்களில் இன்னொரு படமும் செல்போனில் சுற்றியது. நிலா மண்ணில் நான்கு சிங்க முத்திரை அச்சு அசலாகப் பதிந்திருந்தது. பிரக்யானின் சக்கரத்தில் அந்த முத்திரை இருந்தது உண்மை. ஆனால் சுற்றிய படம் யாரோ கணினியில் வரைந்தது. இஸ்ரோ அதை வெளியிடவில்லை. பலர் உண்மை என்று நம்பி அனுப்பினார்கள்.

இரண்டு படமும் ஒரே செல்போனில்தான் வந்தன. எப்படிப் பிரித்து அறிவது? மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

எடுத்தது யார்?
எப்போது எடுத்தது?
எங்கிருந்து எடுத்தது?

விக்ரம் படத்துக்கு மூன்றுக்கும் பதில் இருக்கிறது. வேறு சாட்சியும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 27-ஆம் தேதி நாசாவின் விண்கலம் ஒன்று மேலிருந்து விக்ரமைப் படம் எடுத்தது. இரண்டு நாட்டுப் படமும் ஒத்துப்போகின்றன. சிங்க முத்திரைப் படத்துக்கு இந்தப் பதில்கள் இல்லை.

"மனை போட்டோவுக்கும் இந்த மூணையும் கேட்டிருக்கணும்" என்றார் அக்கா மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

நீங்களும் எடுக்கலாம்

செல்போனில் நிலாவை எடுத்தால் வெறும் வெள்ளை உருண்டை வருகிறதா? சுற்றிலும் இருட்டு என்பதால் செல்போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் நிலாவின் மேல் விரலை வையுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். சுவரில் கையை ஊன்றி ஆடாமல் எடுங்கள். திட்டுகள் தெரியும்.

சூரியனை மட்டும் இப்படிப் பார்க்கவே கூடாது. தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

புனேயில் 1944-இல் தொடங்கிய ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்ற சங்கம் இருக்கிறது. வானம் பார்க்க ஆசைப்படும் சாதாரண மக்களின் சங்கம். நிலாவைத் தொலைநோக்கியில் பார்க்க ஆசை இருந்தால் அங்கே கேட்கலாம்.

போன வாரம் அக்காவின் பேரன் ஒரு புதிய படம் அனுப்பினான். செவ்வாயில் ஒரு கோயில் கோபுரம். அக்கா அவனுக்குத் தன் கையால் பதில் எழுதினார். அவர் செல்போனில் எழுதிய முதல் தமிழ் வரி அது.

"எடுத்தது யார்?"

பேசிப் பார்ப்போம்

1. நிலாவின் ஒரு பக்கம் மட்டும் நமக்கு ஏன் தெரிகிறது? கும்மி அடித்துக் காட்டுங்கள்.
2. கட்டம் போட்டு, எண்களை வாசித்து, ட என்ற எழுத்தை நண்பருக்கு அனுப்புங்கள்.
3. உங்கள் செல்போனில் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.